செவ்வாய்க்கிழமை ரத்தம்

மானியம் என்றால் அரசாங்கம் சும்மா தூக்கிக் கொடுக்கிற பணம் என்று நினைக்கிறவர்கள் அந்த விண்ணப்பப் படிவத்தைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள். நூற்றுப் பதினெட்டுப் பக்கம். உன் கம்பெனி என்ன செய்கிறது, யாரை வைத்துச் செய்கிறாய், அந்த ஆள் வாரத்தில் எத்தனை மணி நேரம் வேலை செய்வான், எலி உண்டா, மனித ரத்தம் உண்டா, உண்டென்றால் யாருடையது, கொடுத்தவர் சம்மதித்தாரா... திருடனைப் பிடித்து உட்கார வைத்த போலீஸ்காரர்கூட அத்தனை கேள்வி கேட்க மாட்டார். எல்லாவற்றுக்கும் பதில் எழுதி அனுப்பிவிட்டுக் காடாறு மாதம் என்று காத்துக் கிடக்க வேண்டும்.

அக்காவின் கைக்கு அந்தக் கடிதம் வந்தபோது தம்பி இறந்து இருபத்துமூன்று நாள் ஆகியிருந்தது. சிறு நிறுவனங்களுக்கான மருத்துவ ஆய்வுக் கருவி மானியம், இரண்டாம் கட்டம், தங்கள் விண்ணப்பம் ஏற்கப்பட்டதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம் என்று தம்பி பெயருக்குத்தான் வந்திருந்தது. மகிழ்ச்சியாம். பட்டறை வாசலில் நின்றபடியே அதை இரண்டு தடவை படித்தாள். எந்தக் கடிதத்துக்காக அவனும் அவளும் தபால் பெட்டியைத் திறந்து திறந்து மூடினார்களோ அந்தக் கடிதம். பாழாய்ப் போனது இரண்டு மாதம் முன்னால் வந்திருக்கக் கூடாதா?

பட்டறை என்று அவர்களாகச் சொல்லிக்கொண்டதுதான். பழைய தொழிற்கூடக் கட்டடம் ஒன்றின் இரண்டாம் மாடியில், மூக்குக் கண்ணாடிக்கு லென்ஸ் தேய்க்கிற கடைக்கும் பித்தான் செய்கிற கம்பெனிக்கும் நடுவில் இரண்டு அறை. ஒன்றில் தம்பியின் மேஜை, கைப்பிடி கிழிந்த சுழல் நாற்காலி, ஸ்க்ரூ டப்பாக்கள். மற்றதில் கை கழுவும் தொட்டி, ஒரு ஃப்ரிட்ஜ், ஆஸ்பத்திரி ஒன்று கழித்துப் போட்ட ரத்தம் சுழற்றுகிற மிஷின். நடுவே, வெள்ளைத் துணி போர்த்தி, அவர்கள் செய்த பெட்டி.

பெட்டிக்கு அவர்கள் வைத்த பெயர் மாமியார். எதைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் ஏதாவது குறை சொல்லும் என்பதால் தம்பி வைத்த பெயர் அது. அதற்குள் ஒரு கண்ணாடித் தகடு. தகட்டில் தலைமுடியை விட மெல்லிய வழி. ஒரு சொட்டு ரத்தத்தை உப்புத் தண்ணீரில் கலந்து அந்த வழியில் ஓடவிட்டால், ஒரு இடத்தில் வழி குறுகும். நல்ல வெள்ளை அணு, கூட்டமான பஸ்ஸில் ஏறுகிறவர் தோளைச் சாய்த்துக்கொள்வது மாதிரி, உடம்பை நெளித்துப் புகுந்து போய்விடும். நோய்ப்பட்ட அணு விறைத்துக்கொண்டு தடுமாறும். எவ்வளவு தடுமாறுகிறது என்று பார்த்து மாமியார் ஓர் எண் சொல்லும். நல்ல ரத்தத்துக்கு நாற்பது. எண் ஏற ஏறக் கோளாறு. இதே வேலையைச் செய்கிற பெரிய மிஷினை வாங்குகிற காசுக்கு ஒரு வீடே கட்டிவிடலாம். சின்ன ஆய்வுக்கூடங்களும் வாங்குகிற மாதிரி, மேஜை மேல் வைக்கிற மாதிரி ஒன்று செய்ய வேண்டும் என்பதுதான் தம்பியின் கனவு. கனவு என்று சொன்னால் அவனுக்குப் பிடிக்காது. வேலை என்பான்.

அக்கா பன்னிரண்டு வருஷம் ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருந்தவள். அவள் ஊசி குத்தினால் குழந்தைகூட அழாது என்று பேர். தம்பிக்கு முதல் கட்ட மானியம் கிடைத்த அன்று அந்த வேலையை உதறிவிட்டு இங்கே வந்தாள். நிலையான சம்பளத்தை விட்டுவிட்டு யாராவது வருவார்களா என்று ஊரே கேட்டது. அவன் மூக்கைப் பிடித்தால் வாயைத் திறக்கத் தெரியாதவன், கூட ஆள் வேண்டாமா என்று அவள் திருப்பிக் கேட்டாள்.

வேலை முறை இதுதான். ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் ஆஸ்பத்திரியிலிருந்து நோயாளிகளின் மிச்ச ரத்தம் ஒரு பெட்டியில் வரும். அதை மாமியாருக்குக் கொடுப்பதற்கு முன்னால், ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நல்ல ரத்தம் வேண்டும். வெளியாள் யாரிடமாவது ரத்தம் எடுக்க வேண்டுமென்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். அதற்கு நாலைந்து மாதம் நடையாய் நடக்க வேண்டும். கம்பெனி ஆட்கள் தங்கள் ரத்தத்தைத் தாங்களே கொடுத்துக்கொண்டால் ஒரு கையெழுத்தோடு முடிந்தது. அக்காவுக்குச் சர்க்கரை, அவள் ரத்தம் ஆகாது. தம்பி மனைவி கணக்கு டீச்சர், கம்பெனியில் பங்குதாரர், நல்ல ஆரோக்கியம். ஆனால் ஊசியைக் காட்டினாலே மயங்கி விழுவாள். ஒரு தடவை விழுந்தும்விட்டாள், நல்லவேளை சுழல் நாற்காலியிலேயே விழுந்தாள். மிச்சம் தம்பிதான். கல்லுக்குண்டு மாதிரி இருப்பான். ஜலதோஷம்கூடப் பிடித்தது கிடையாது. ஆகவே செவ்வாய் காலை ஒன்பது மணிக்கு அவன் சட்டைக் கையை மடித்து நீட்டுவான், அக்கா எடுப்பாள். படிவத்தில் 'நலமான தன்னார்வலர், ஒருவர்' என்று எழுதினார்கள்.

முதலில் சில வாரம் நாற்பது, நாற்பது, முப்பத்தொன்பது என்று வந்தது. பிறகு நாற்பத்தொன்று. பிறகு நாற்பத்திரண்டு. இரண்டாம் கட்டத்துக்கு விண்ணப்பம் அனுப்பும்போது நாற்பத்துமூன்றைத் தாண்டியிருந்தது. புது மிஷின், கொஞ்சம் ஆடத்தான் செய்யும் என்று அனுப்பிவிட்டார்கள். ஆறு மாதம் கழித்து விண்ணப்பம் திரும்பி வந்தது. படித்துப் பார்த்த மூன்று நிபுணர்களில் இரண்டு பேர் நல்லபடியாகத்தான் எழுதியிருந்தார்கள். மூன்றாம் நம்பர் மட்டும், நலமானவரின் ரத்தத்துக்கே எண் ஒரு நிலையில் நிற்கவில்லை, கருவி நகர்கிறது, இன்னும் சிலரின் ரத்தத்தையும் வைத்துச் சரிபார்த்திருக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். அக்கா அந்த மூன்றாம் நம்பரைத் திட்டிய திட்டு கொஞ்சநஞ்சமில்லை. வாழ்க்கையில் ஒரு ஸ்க்ரூ முடுக்கியிருப்பாரா அந்த மனுஷன் என்றாள்.

மறுபடி அனுப்ப இரண்டு மாத அவகாசம். அதற்குள் தகட்டை மாற்றினார்கள், விளக்கை மாற்றினார்கள், பம்ப்பை மாற்றினார்கள். எண் நிற்கவில்லை, ஏறிக்கொண்டேதான் இருந்தது. எண் நாற்பத்தொன்பதைத் தொட்ட சமயம் ஒரு நாள் தம்பி கையை மடித்து நீட்டிக்கொண்டே கேட்டான்.

"அக்கா, ஒருவேளை என் ரத்தம்தான் சரியில்லையோ?"

"உன் ரத்தத்துக்கு என்னடா? உனக்குக் கொழுப்புதான் ஜாஸ்தி" என்றாள் அக்கா.

அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். கையில் இருந்த ட்யூபில் மிச்சம் இருந்தது. அதைத் தன் பழைய ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போயிருந்தால் பத்து நிமிஷத்தில் சாதாரண ரத்த அணுக் கணக்கெடுப்பு முடிந்திருக்கும். பழைய சிநேகிதிகள் காசுகூட வாங்கியிருக்க மாட்டார்கள். அவள் அதைத் தொட்டியில் ஊற்றிக் கழுவினாள்.

எண்ணுக்குத் திருத்தம் போடுகிற யோசனை அவளுடையதுதான். நகர்வது மிஷின் என்றால், ஒவ்வொரு செவ்வாயும் முதலில் தம்பியின் ரத்தத்தைக் காட்டி, அது என்ன எண் சொன்னாலும் அதையே நாற்பது என்று மாமியாருக்குப் பழக்கிவிட்டால் என்ன? மற்ற ரத்தங்களை அதிலிருந்து அளந்துகொள்ளட்டும். தம்பி ஒரே நாளில் அதற்கு நிரல் எழுதினான். மறுபடி அனுப்பிய விண்ணப்பத்தில், நாற்பத்தேழாம் பக்கத்துப் படத்தில் நல்ல ரத்தத்தின் கோடு ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி நேராக நின்றது. அதன் பிறகு வந்த வாரங்களில் நோயாளிகளின் ரத்தம்கூடக் கொஞ்சம் கொஞ்சமாக நல்ல ரத்தம் போலத் தெரிய ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து இப்போதெல்லாம் லேசான நோயாளிகளின் ரத்தம்தான் வருகிறது போல என்று பேசிக்கொண்டார்கள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற இரண்டு பேர் பேசின பேச்சு இது. சொன்னால் யாராவது நம்புவார்களா?

இரண்டு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிடுகிறது என்று தம்பி சொல்ல ஆரம்பித்தான். பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டான். மானியக் கவலை என்றாள் டீச்சர். மானியக் கவலை என்றாள் அக்கா. ஒருநாள் கண்ணாடித் தகட்டு அட்டைப்பெட்டியோடு மாடி ஏறி வந்தவன் கடைசிப் படியில் உட்கார்ந்தான், எழுந்திருக்கவில்லை. மூக்கிலிருந்து ரத்தம் நிற்காமல் வந்தது.

ரத்தப் புற்றுநோய், அதுவும் முற்றிப்போய்த் தறிகெட்டு ஓடத் தொடங்கிவிட்டது. டாக்டர் நடைவழியில் அக்காவை மட்டும் தனியாக நிறுத்திச் சொன்னார். அவள் அந்த ஆஸ்பத்திரியின் பழைய ஆள் என்பதால் ஒளிக்காமல் சொன்னார்.

"இது இன்னைக்கு நேத்து வந்ததில்லம்மா. ஒன்றரை வருஷமாவது இருக்கும். ஆறு மாசத்துக்கு முன்னாடிகூட ஒரு சாதாரண ரத்த டெஸ்ட் பண்ணியிருந்தா, தினம் ஒரு மாத்திரையிலேயே கட்டுப்படுத்தியிருக்கலாம்."

ஒன்றரை வருஷம் என்ற சொல் அவளை அங்கேயே நிறுத்திவிட்டது. மறுநாள் காலை தனியாகப் பட்டறைக்கு வந்தாள். திருத்தத்தை எடுத்துவிட்டு, சேமித்து வைத்திருந்த எண்களை மட்டும் போட்டுப் பார்த்தாள். எழுபத்தொரு செவ்வாய், எழுபத்தொரு புள்ளி. நாற்பதில் தொடங்கி அறுபத்தொன்று வரைக்கும் படிக்கட்டு மாதிரி ஏறியிருந்தது. மிஷின் ஒரு இம்மிகூட நகரவில்லை. அது வாரா வாரம் கத்தியிருக்கிறது. அவள்தான் அதன் வாயைப் பொத்தியிருக்கிறாள். தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். பக்கத்தில் லென்ஸ் தேய்க்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். தம்பிக்கு வாயெல்லாம் புண். ஆனாலும் அவளைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"அக்கா, அந்த நகர்வு... எதனாலன்னு தெரிஞ்சுதா?"

எப்படிச் சொல்வது? உன்னைக் கொன்றது நான்தானடா என்றா? அவன் முகத்தைப் பார்த்தாள், அவன் கண் அவள் மேலேயே இருந்தது.

"பசைதான்டா" என்றாள். "தகட்டை ஒட்டுற பசை. கொஞ்சம் கொஞ்சமா இளகுது."

"நினைச்சேன்" என்றான் தம்பி. அவன் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்க முடியாமல் அவள் தண்ணீர் கொண்டுவருகிற சாக்கில் வெளியே போனாள்.

மறுநாளிலிருந்து அவன் பென்சில் கேட்டான். ஆஸ்பத்திரிச் சாப்பாட்டுச் சீட்டுகளின் பின்பக்கத்தில், பசையே இல்லாமல் தகட்டைக் கவ்விப் பிடிக்கிற ஒரு சட்டத்தை வரைய ஆரம்பித்தான். காய்ச்சல் இறங்குகிற ஒரு மணி, இரண்டு மணி நேரம் கிடைக்கும். அதில் டீச்சரிடம்கூடப் பேசாமல் வரைவான். கை நடுங்கிக் கோடு கோணினால் அழித்துத் திரும்பப் போடுவான். இல்லாத கோளாறுக்கு ஏழு படம் வரைந்துவிட்டு, நாற்பத்தோராம் நாள் போய்ச் சேர்ந்தான். தன் மிஷின் கோளாறுள்ள மிஷின் என்று நம்பிக்கொண்டே போனான்.

கடிதம் வந்த இரண்டாம் நாள் மானிய அலுவலகத்திலிருந்து ஒரு அம்மா போனில் பேசினார். நல்ல மாதிரியாகத்தான் பேசினார். முப்பது நாளைக்குள் இரண்டு காகிதம் வேண்டும் என்றார். தம்பிக்குப் பதிலாக யார் பொறுப்பு என்று ஒன்று. விண்ணப்பத்தில் உள்ளதெல்லாம் தனக்குத் தெரிந்தவரை உண்மை என்று அந்தப் பொறுப்பாளர் கையெழுத்திட்டு இன்னொன்று. கையெழுத்துப் போட்டால் இரண்டு வருஷத்துக்குப் பட்டறை ஓடும், பத்து மாமியார்கள் செய்து பத்து ஆய்வுக்கூடங்களுக்குக் கொடுக்கலாம், தம்பி பெயர் பெட்டி மேல் இருக்கும். போடாவிட்டால் மாதக் கடைசியில் அறையைக் காலி செய்ய வேண்டியதுதான். நாற்பத்தேழாம் பக்கத்தின் நேர்க்கோடு என்ன கோடு என்று உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியப் போவதில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். நூற்றுப் பதினெட்டுப் பக்கத்துக்கு நடுவில் போட்டு மறைத்தால் மறையத்தான் செய்யும்.

இருபது நாள் அந்தக் காகிதத்தை மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினாள், திறந்தாள், பூட்டினாள். சனிக்கிழமை காலை டீச்சர் வந்தாள். அவன் போன பிறகு வாரத்தில் இரண்டு நாளாவது வந்து அந்தக் கிழிந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டுப் போவாள். அன்றைக்கு ஒரு பிளாஸ்டிக் ஃபைல் கொண்டுவந்திருந்தாள். ஏழு சாப்பாட்டுச் சீட்டுகளையும் ஒவ்வொன்றாக உறையில் போட்டு, மேலே தேதி எழுதியிருந்தாள்.

"மானியம் வந்ததும் முதல்ல இதைத்தான் செய்யணும் அக்கா. அவர் கடைசியாப் போட்ட படம். இதை வெச்சு ஒரு மிஷினாவது ஓடுறதைப் பார்த்துட்டா எனக்குப் போதும்" என்றாள்.

அக்கா அந்தப் படங்களைப் பார்த்தாள். ஆறாம் படத்தில் கோடு அலை அலையாகப் போயிருந்தது. இதற்கு மேல் தாங்காது என்று தோன்றியது. எழுந்து போய்க் கணினியைப் போட்டு, எழுபத்தொரு புள்ளியையும் திரையில் வரவழைத்து, நாற்காலியை அதன் பக்கம் திருப்பினாள். திருத்தத்தை எடுத்துவிட்டால் இப்படித்தான் இருக்கிறது என்றாள். மிஷின் நகரவில்லை, அவன் ரத்தம்தான் மாறிக்கொண்டே வந்திருக்கிறது என்றாள்.

டீச்சர் கணக்கு சொல்லித் தருகிறவள். விளக்க வேண்டியிருக்கவில்லை. திரைக்கு அருகில் நாற்காலியை இழுத்துக்கொண்டு, விரலால் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு இது எந்த வாரம், இது எந்த வாரம் என்று கேட்டாள். அக்கா தேதி சொன்னாள். பன்னிரண்டாம் புள்ளியில், அந்த வாரம்தான் வீடு மாற்றினோம், பீரோவை ஒற்றை ஆளாக மாடிக்குத் தூக்கினார் என்றாள் டீச்சர். எண் நாற்பத்துமூன்றைத் தொட்ட புள்ளியில், பள்ளிக்கூட லீவு என்றாள். பாதிச் சாப்பாட்டில் எழுந்தாராம், சமையல் பிடிக்கவில்லையாக்கும் என்று இரண்டு நாள் இவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாளாம். பிறகு கேட்டாள்.

"எந்தப் புள்ளியில தெரிஞ்சிருந்தா பிழைச்சிருப்பார்?"

அக்கா எண் நாற்பத்தொன்பதாக இருந்த புள்ளியின் மேல் விரலை வைத்தாள். "இது வரைக்கும்கூட" என்றாள். "இந்த வாரம்தான் அவனே கேட்டான், என் ரத்தம் சரியில்லையோன்னு. நான்தான் கிண்டல் பண்ணிட்டேன். திருத்தமும் என் யோசனைதான்."

டீச்சர் அழுதாள். வாயைப் பொத்திக்கொண்டு, நாற்காலி ஆடும்படி அழுதாள். ஆனால் அக்காவின் கையைத்தான் பிடித்துக்கொண்டாள். நான் ஊசிக்குப் பயப்படாமல் இருந்திருந்தால் இரண்டு கோடு வந்திருக்குமே, ஒன்று நேராகப் போயிருக்கும், ஒன்று ஏறியிருக்கும், சின்னப் பிள்ளைகூடக் கண்டுபிடித்திருக்குமே, இதில் எனக்கும் பங்கு இருக்கிறது என்று சொல்லிச் சொல்லி அழுதாள். அக்காவும் அப்போதுதான் முதல் தடவையாக வாய்விட்டு அழுதாள். அதோடு போயிருந்தால் இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் தேற்றிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

அழுகை ஓய்ந்த பிறகு டீச்சரின் கண் ஃபைலின் மேல் விழுந்தது.

"அப்போ இந்தப் படமெல்லாம் எதுக்கு? பசை இளகுதுன்னுதானே அவர் வரைஞ்சார்?"

"பசையில ஒண்ணும் இல்லை. நான் பொய் சொன்னேன்."

"அவர் கேட்டப்போ உங்களுக்கு இது தெரியுமா?"

"அன்னைக்குக் காலையிலதான் தெரிஞ்சுது" என்றாள் அக்கா.

டீச்சர் பிடித்திருந்த கையை விட்டாள். உதறவில்லை, பொருளைக் கீழே வைக்கிற மாதிரி மெதுவாக வைத்துவிட்டு எடுத்துக்கொண்டாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை, அதுதான் அக்காவுக்குப் பயமாக இருந்தது.

"தப்பாக் கணக்குப் போட்டீங்க. யாரும் போடுவாங்க. ஆனா மிஷின் சரியாத்தான் வேலை செய்யுதுடான்னு அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. ரெண்டு வருஷம் அதைக் கேக்கத்தானே உசிரை விட்டார். அந்த ஒண்ணைக் கேட்டுட்டாவது போயிருப்பாரே."

"என்னைக் குறை சொல்லிடுவானோன்னு பயந்துட்டேன்."

"குறை சொல்ற ஆளா அவர்?"

இல்லை என்று அவளுக்கே தெரியும். அந்தச் செய்தியைக் கேட்டால் அவன் என்ன சொல்லியிருப்பான் என்பதும் தெரியும். அப்போ மாமியார் ஜெயிச்சுட்டாங்க என்று சொல்லி, அந்தப் புண் வாயோடு சிரித்திருப்பான். டீச்சர் ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்தாள். போய்விட்டு வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் படி இறங்கிப் போனாள்.

திங்கட்கிழமை அக்கா மானிய அலுவலகத்து அம்மாவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, தரவுத் திருத்த அறிக்கை என்று ஒரு படிவம் அனுப்புகிறேன், நிரப்பி அனுப்புங்கள் என்றார். எல்லாவற்றுக்கும் ஒரு படிவம் வைத்திருக்கிறார்கள் புண்ணியவான்கள். தவறு எந்தப் பக்கத்தில், எப்போது தெரிந்தது, யாரால் நேர்ந்தது என்று வரிசையாகக் கேட்டிருந்தது. அக்கா எதையும் மழுப்பாமல் எழுதிக்கொண்டே வந்தாள். பதினோராம் கேள்வியில் பேனா நின்றது. 'மாதிரி அளித்தவருக்கு அவரது முடிவுகள் தெரிவிக்கப்பட்டனவா? ஆம் / இல்லை. இல்லை எனில் காரணம்.'

இல்லை என்பதில் குறியிட்டாள். காரணத்தில், அவர் காலமாகிவிட்டார் என்று எழுதினாள். படித்துப் பார்த்தாள். ஒரு சொல்கூடப் பொய் இல்லை, ஆனாலும் பொய். அதை அடித்துவிட்டு, தெரிவிக்க நாட்கள் இருந்தன, நான் தெரிவிக்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

ஒரு வாரத்தில் பதில் போனிலேயே வந்தது. மானியத்தை நிறுத்தி வைக்கிறார்கள். மறைக்காமல் சொன்னதால் நடவடிக்கை எதுவும் இல்லை. அடுத்த சுற்றில், பல பேருடைய ரத்தத்தை வைத்து முதலிலிருந்து செய்து, மறுபடி விண்ணப்பிக்கலாம். மூன்றாம் நம்பர் நிபுணரும் அறிக்கையைப் படித்தாராம். கருவி சரியாகவே இயங்கியிருக்கிறது என்று எழுதியிருக்கிறாராம். இதைத் தம்பி கேட்டிருக்க வேண்டும் என்று அக்கா நினைத்தாள். அந்த அம்மா தயங்கித் தயங்கி, பதினோராம் கேள்விக்கு எழுதியிருக்கிற காரணத்தை வேண்டுமானால் எடுத்துவிடலாம், கட்டாயமில்லை என்றார். இருக்கட்டும் மேடம் என்றாள் அக்கா.

மாதக் கடைசியில் அறையைக் காலி செய்யச் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தாள். மாமியாரை மட்டும் கடைசியாகக் கட்டலாம் என்று விட்டு வைத்திருந்தாள். காலை ஒன்பது மணிக்குப் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. டீச்சர். பள்ளிக்கூடத்துக்கு அரை நாள் லீவு போட்டிருக்க வேண்டும்; கையில் பள்ளிப் பை இருந்தது. அட்டைப்பெட்டிகளைத் தாண்டி வந்து கிழிந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, சட்டைக் கையை மேலே தள்ளி, கையை நீட்டினாள். அன்று செவ்வாய்க்கிழமை.

"எடுங்க" என்றாள். "ஒரு ட்யூப் ஆஸ்பத்திரிக்கு. ஒண்ணு மாமியாருக்கு."

அக்கா ஊசிப் பெட்டியைத் தேடி எடுத்தாள். பன்னிரண்டு வருஷத்திலும் அதற்குப் பிறகும் அவள் ஊசி குறி தவறியதில்லை. அன்றைக்கு முதல் தடவை நரம்பு தவறிப்போனது. டீச்சரின் முகம் வெளுத்தது, உதட்டைக் கடித்துக்கொண்டாள், கையை மட்டும் இழுக்கவில்லை. இரண்டாம் தடவை ரத்தம் வந்தது. கட்டி வைத்திருந்த பெட்டிகளைப் பிரித்துப் பம்ப்பை எடுத்து மாட்டி, மாமியார் மேலிருந்த துணியை அக்கா விலக்கினாள். சொட்டு உள்ளே போனது.

"எவ்வளவுன்னு என்கிட்ட சொல்லணும்" என்றாள் டீச்சர், இன்னும் சுவரைப் பார்த்துக்கொண்டே. "எதுவா இருந்தாலும்." எப்போதும் சேர்த்துச் சொல்கிற அக்கா என்ற சொல் அதில் இல்லை.

திரையில் எண் வந்தது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தாள்.

"நாப்பது" என்றாள். அவன் கொடுத்த முதல் செவ்வாயும் அதே நாற்பதுதான்.